மொதல்லேர்ந்து சொல்லுங்க

அந்தப் பொண்ணுக்கு எதையும் நடுவுலேர்ந்து சொன்னா ஆகாது. அதனால நான் நடுவுலேர்ந்துதான் ஆரம்பிக்கப் போறேன். எந்த ஊர்ல ஒக்காந்து சோறு தின்னுகினு இருக்குதோ, பொரை ஏறட்டும்.

நடு இன்னான்னா, ஏரிக்குள்ள ஒரு படகு. படகுல அந்தப் பொண்ணு, அது மடியில லேப்டாப்பு. லேப்டாப்புக்கு வெயில் படாம குடை புடிச்சிகினு நானு. பொண்ணு தலைக்குக் குடை இல்ல, மொகம் சுட்ட எறா மாதிரி ஆயிடுச்சு. பின்னாடி எங்க வூட்டுக்காரரு கோல் ஊனி நிக்கிறாரு. ஆடாம நிக்கிறேன்னு சொல்லிட்டு ஆடிகினே நிக்கிறாரு. லேப்டாப்புக்குள்ள ஒரு ஆபீஸ் சாரு, ஏசி ரூம்புல ஒக்காந்துகினு, பின்னாடி தெரியுறது யாருன்னு இங்கிலீசுல கேக்குறாரு. கேட்டது என்னைத்தான்னு எனக்குத் தெரியாதா. குடைய லேசா சாய்ச்சு வணக்கம் வச்சேன். வெயிலு ஸ்க்ரீன்ல அடிச்சுது, பொண்ணு என் முட்டியில இடிச்சுது.

இதுவே அது கேட்டிருந்தா இன்னேரம் கைய தூக்கியிருக்கும். யாரு, எந்தப் படகு, எதுக்குக் குடைன்னு சொல்லாம படகு நடுவுல கொண்டாந்து விட்டா எப்படி ஓனரம்மான்னு கேட்டிருக்கும். ஆமா, என்னை ஓனரம்மான்னுதான் கூப்புடும். மாடியில தண்ணி டேங்குக்குப் பக்கத்துல ஷீட்டு போட்ட ஒரே ஒரு ரூமு. அதுக்கு நான் ஓனரம்மா. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, நான் ஒண்ணும் திருத்தல.

அது பேரு சொல்ல மாட்டேன். ஊர்லயும் யாரும் பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல. மொதல்லேர்ந்துன்னுதான் பேரு. மொதல்லேர்ந்து கடைக்குப் போயிருக்குது, மொதல்லேர்ந்துக்கு ஜொரம், இப்படித்தான் பேசிக்குவோம். அதுக்கும் தெரியும். கோவிச்சுக்கல.

மெட்ராஸ்ல ஏதோ ஆபீசு. எங்க ஏரியில ஒரு கழி நட்டு, அதுல ஒரு கொழாய் கட்டித் தொங்கவிட்டுச்சு. தண்ணியில உப்பு எவ்வளோன்னு அந்தக் கொழாயி பாத்துப் பாத்து மேல அனுப்பிகினே இருக்கும். அத வச்சு எறா எப்ப எந்தப் பக்கம் வரும்னு முன்கூட்டியே சொல்லணுமாம். ஆபீஸ்ல இது அந்தப் பொண்ணே கேட்டு வாங்குன வேலை. எங்க வூட்டுக்காரரு எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, எறாவோட போன் நம்பர் இருந்தா குடும்மா, நாங்களே நேரா பேசிக்கிறோம்னாரு. பொண்ணு சிரிக்கல. அது எப்பவும் அப்படித்தான், சிரிப்பு லேட்டா வரும். மறுநாள் மாடிப்படியில எறங்கும்போது சிரிச்சுது.

அதோட வேலை கட்டம் கட்டமா இருக்கும். ஒரு கட்டத்துல எழுதும், பொத்தானை அமுக்கும், கீழ பதில் வரும். ஒரு நேரம் நம்பரு, ஒரு நேரம் படம். நோட்டுன்னு சொல்லும் அத. அந்த நோட்டு லேப்டாப்புக்குள்ள இல்ல, கிளவுடுல இருக்குதுன்னுச்சு. எங்கயோ தூரத்துல ஒரு பெரிய கம்ப்யூட்டரு, கொழாய் அனுப்புற உப்பெல்லாம் அங்கதான் போய் சேருது, நோட்டும் அங்கதான் இருக்குது, இது இங்கேர்ந்து எட்டிப் பாக்குது. எங்க ஊரு சிக்னலு காத்தடிச்சா போயிடும், மழை வந்தா போயிடும், ஒண்ணுமே இல்லன்னாலும் போயிடும். பாதி எழுதிகினு இருக்கும்போது வட்டம் சுத்தும். எழுதுனது பூரா காணாமப் போயிடும். டேங்கு மேல தலைய சாய்ச்சிகினு அழும். அழுகை மட்டும் லேட்டாகாம வரும்.

ஒரு நாள் பொன்னேரி போய், நெட்டு நல்லா கிடைக்கிற கடையில ஒக்காந்து எதையோ எறக்கிகினு வந்துச்சு. எக்ஸ்டென்ஷன்னு பேரு. ப்ரோகிராம் எழுதுற எடிட்டருன்னு ஒண்ணு அதுகிட்ட ஏற்கனவே இருந்துச்சாம், அதுக்கு இது ஒட்டு. படகு நம்மளோடதுதான், பின்னாடி இன்ஜின் வாங்கி மாட்டிக்கிறோம் இல்ல, அந்த மாதிரி. இனிமே நோட்டு என் லேப்டாப்புல இருக்கும், எழுதுறது இங்க, ஓட்டுறது மட்டும் அங்கன்னுச்சு. சிக்னலு இல்லன்னாலும் ஒக்காந்து எழுதலாம், சிக்னலு வந்ததும் ஓட்டலாம். இதுல இன்னா அதிசயம், நாங்க வலைய வூட்ல வச்சுத்தான் பின்றோம், மீனு ஏரியில இருக்குதுன்னேன். அப்படியே என்னைப் பாத்துச்சு. கரெக்டுன்னுச்சு. அதுலேர்ந்து எனக்கு கம்ப்யூட்டர் தெரியும்னு ஊர்ல சொல்லிகினு திரிஞ்சேன்.

ஆனா அதுலயும் ஒரு வில்லங்கம். நடுவுல லைனு அறுந்துச்சுன்னா, எழுதுனது நம்மகிட்ட பத்திரமா இருக்கும். அங்க இருக்கிறவன் மட்டும் அதுவரைக்கும் சொன்னது பூராத்தையும் மறந்துடுவான். மறுபடி மொதல் கட்டத்துலேர்ந்து ஒவ்வொண்ணா ஓட்டிகினு வரணும். சோம்பப்பட்டு நடுக்கட்டத்த மட்டும் ஓட்டுனா, எறாவா, எந்த எறான்னு கேப்பானாம். எனக்கு ஒடனே வெளங்கிடுச்சு. அப்பேர்ப்பட்ட ஒரு ஆளோடதான் நான் குடும்பம் நடத்திகினு இருக்கேன். மத்தியானம் படுத்து எழுந்தா காலையில எதுக்கு சண்டைன்னு அவருக்கு நெனப்பே இருக்காது.

இந்த வேலை செஞ்சு செஞ்சு பொண்ணுக்கு அந்தப் புத்தி வந்துச்சா, அந்தப் புத்தி இருந்ததனால இந்த வேலைக்கு வந்துச்சா தெரியல. எது தப்பாப் போனாலும் மொதல்லேர்ந்துதான்.

மீன் கொழம்பு வைக்கிறேன்னு ஒரு நாள் என் அடுப்பங்கரைக்கு வந்துச்சு. கொழம்பு கொதிக்கிறதுக்கு முன்னாடியே மீனப் போட்டுடுச்சு. மீனு கரைஞ்சு, முள்ளு மட்டும் நீச்சல் அடிக்குது. வேற யாராச்சும்னா கொஞ்சம் புளி ஊத்தி, கொஞ்சம் தூளைப் போட்டு, ஒப்பேத்துவாங்க. அது சட்டிய எறக்கி வச்சுது. வரிசை தப்பிப்போச்சு ஓனரம்மா, நடுவுல ஒட்டு போட்டா சரியா வராதுன்னுச்சு. இன்னொரு சட்டிய எடுத்து, மறுபடி வெங்காயம் உரிக்கிறதுலேர்ந்து ஆரம்பிச்சுது. எங்க வூட்டுக்காரரு மொதக் கொழம்பையும் தின்னாரு, ரெண்டாங் கொழம்பையும் தின்னாரு. ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்னு கேட்டாரு. பாவம், அதுக்கு அன்னைக்கு ராத்திரி சோறே எறங்கல.

வம்பு பேசக்கூட விடாது. கோடி வூட்டுப் பையன் மீஞ்சூர் ரயில்ல ஒரு பொண்ணப் பாத்து, ரெண்டும் சொல்லாம கொள்ளாம போய் தாலி கட்டிகினு வந்துடுச்சுங்க. நான் ஆசையா வாசல்ல ஒக்காந்து, மாமியாக்காரி வெளக்குமாத்த எடுத்ததுலேர்ந்து ஆரம்பிச்சேன். வம்புன்னா வெளக்குமாத்துலேர்ந்துதான ஆரம்பிக்கணும். இருங்க ஓனரம்மா, ரெண்டு பேரும் மொதல்ல எந்த ஸ்டேஷன்ல பாத்தாங்கன்னுச்சு. எனக்கு எப்படித் தெரியும். அப்ப அது தெரிஞ்ச அப்புறம் சொல்லுங்கன்னு மாடிக்குப் போயிடுச்சு. வெளக்குமாறு என் வாயிலயே நின்னுபோச்சு.

இதெல்லாத்துக்கும் மேல எங்க சண்டையில வந்து மாட்டிகினு முழிச்சுதே, அதத்தான் சொல்லணும். ஒரு நாள் எனக்கும் எங்க வூட்டுக்காரருக்கும் நல்ல சண்டை. சத்தம் மாடி வரைக்கும் போய், பொண்ணு எறங்கி வந்துச்சு. ரெண்டு பேரையும் ஒக்கார வச்சுது. யாரும் கத்தாதீங்க, மொதல்லேர்ந்து சொல்லுங்கன்னுச்சு. அவரு நேத்து நான் சொன்ன பேச்சுலேர்ந்து ஆரம்பிச்சாரு. அதுக்கு முன்னாடி அவரு சொன்ன பேச்சு ஒண்ணு இருந்துச்சு, நான் அதுலேர்ந்து ஆரம்பிச்சேன். அவரு அதுக்கும் முன்னாடி போனாரு. நான் வுடுவேனா. போய்ப் போய் எங்க கல்யாணத்தன்னைக்கு அவங்க அக்கா எனக்குப் பாயசம் இல்லன்னு சொன்னதுல போய் நின்னோம். அதுக்கு முன்னாடி நாங்க ஒருத்தர ஒருத்தர் பாத்ததில்ல, அதனால அதுக்கு மேல போக வழியில்ல. பொண்ணு எங்க வூட்டுக்காரரைப் பாத்து, அந்தப் பாயசத்துக்கு மன்னிப்பு கேட்டுடுங்க தாத்தான்னுச்சு. அவரும் கேட்டாரு. நல்லாத்தான் முடிஞ்சுது. இன்னைக்கு எதுக்கு சண்டை போட்டோம்ங்கிறது மட்டும் யாருக்கும் ஞாபகத்துக்கு வரல.

இப்படிப்பட்ட பொண்ணுக்கு வந்துது பாரு ஒரு கஷ்டம்.

கொழாயி அனுப்புற உப்பு திடீர்னு பேயாட ஆரம்பிச்சுது. ஒரு நாளு கடல் தண்ணி மாதிரி கரிக்குதுங்குது. மறுநாளு கொடத்துல மொண்டு குடிக்கலாம்ங்குது. அதுக்கு மறுநாளு ரெண்டுங்கெட்டான். ஸ்க்ரீன்ல கோடு சாமி வந்தவ தலைய விரிச்சுப்போட்டு ஆடுற மாதிரி மேலயும் கீழயும் போகுது. ஆபீஸ் சாரு போன்ல, கொழாயி புதுசு, டெஸ்ட் பண்ணித்தான் குடுத்தோம், உன் ப்ரோகிராம்லதான் தப்புன்னுட்டாரு. அது மொதல் கட்டத்துலேர்ந்து கடைசிக் கட்டம் வரைக்கும் ஓட்டிப் பாக்கும். தப்பு இருக்காது. லைனு அறுந்துடும். அவன் மறந்துடுவான். மறுபடி மொதல்லேர்ந்து. சாப்பாட்டுத் தட்ட மாடிக்குக் கொண்டு போனா, வச்ச தட்டு வச்சபடி ஆறிகினு கிடக்கும்.

மறுநாள் மீட்டிங்கு. அதுல சரியா வரலன்னா இந்த வேலைய மூடிட்டு, கொழாயப் புடுங்கிகினு மெட்ராஸ் வந்துடணும். அங்க அதுக்கு வேற வேலை வச்சிருந்தாங்க. யாரு யாரு எந்த சோப்பு வாங்குறாங்க, வாங்குனவங்க மறுபடி எப்ப வாங்குவாங்கன்னு பாக்குற வேலை. எறாவப் பாத்துகினு இருந்தேன், இனிமே சோப்பப் பாக்கணும்னு சொல்லிட்டு மாடிப்படியில ஒக்காந்துடுச்சு. நான் கீழ எறா உரிச்சிகினு இருந்தேன். எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் சோப்பு நாறாதே, நல்லதுதானன்னு சொல்லி வச்சேன். சிரிக்கல. லேட்டாவும் சிரிக்கல.

அந்த நேரம் பாத்து என் கொழுந்தன் வந்தாரு. எங்க ஊர்ல பாடு சொல்றது அவரு வேலை. பாடுன்னா மொறை. ஏரியில நல்லா எறா விழுற எடம் கொஞ்சம்தான, எல்லாரும் ஒரே எடத்துல கழி நட்டு வலை கட்ட முடியாது. அதனால இன்னைக்கு கடலு உள்ள வர்ற மொகத்துவாரத்துல நீ கட்டுனா, நாளைக்கு மேற்கால போயிடணும், அதுக்கு மறுநாள் ஆத்துத் தண்ணி வந்து சேர்ற மேட்டாண்ட. எல்லாருக்கும் எல்லா எடமும் சுத்தி வரும். மொறைய மீறி ஒரு கழி நின்னாலும் ஊரு கூடிடும். இதுல எங்க கொழுந்தன் ரொம்ப கறாரு, கூடப்பொறந்த அண்ணன் கழியவே புடுங்கி எறிஞ்ச ஆளு.

வந்தவரு தண்ணி வாங்கிக் குடிச்சாரு. குடிச்சுட்டு சாதாரணமா சொன்னாரு.

"அண்ணி, மாடிவூட்டுப் பொண்ணுக்கு இன்னைக்குப் பாடு மேற்கால. கழிய மாத்தி நட்டுட்டேன், சொல்லிடு."

எறா உரிச்ச கை அப்படியே நின்னுபோச்சு எனக்கு. படியில ஒக்காந்திருந்த பொண்ணு மெதுவா எழுந்துச்சு. ஒவ்வொரு படியா எறங்கி வந்து அவரு எதுர்ல நின்னுச்சு. கோவப்படும்னு நெனச்சேன். கொரலு ஆடாத தண்ணி மாதிரி இருந்துச்சு.

"அண்ணே, மொதல்லேர்ந்து சொல்லுங்க."

அவரு சொன்னாரு. பொண்ணு ஏரியில கழி நட்டுச்சு. கழி நட்டா அது ஒரு வூட்டுக் கணக்கு. அதுவும் நட்டது மொகத்துவாரத்துல, இருக்கிறதுலயே நல்ல எடம். தெனம் ஒரே எடத்துல நின்னா மத்தவங்க வாய வச்சிகினு சும்மா இருப்பாங்களா. ஊர்க் கூட்டத்துல பேச்சு வந்துச்சு. புடுங்கிப் போட்டுடலாம்னு ரெண்டு பேரு சொன்னாங்க. இவருதான், தனியா வந்து பொழைக்கிற பொண்ணு, அதுக்கும் ஒரு பாடு குடுத்துடலாம்னு பேசி, ஊரும் சரின்னுச்சு. எங்க வூட்டுக்காரரும் அந்தக் கூட்டத்துல இருந்தவருதான், வூடு வந்து சேர்றதுக்குள்ள மறந்துட்டாரு. பொம்பளப் புள்ள, தெனம் தண்ணியில எறங்கி கழிய மாத்த முடியாது, கம்ப்யூட்டர் வேற இருக்குதுன்னு இவரே போய் மாத்தி நட்டுகினு இருக்காரு. ஒரு நாள் தவறல. கொழாயத் தொடச்சுக்கூட வச்சாராம்.

"எங்க வூட்டுக்கு எப்படியோ அப்படித்தாம்மா உனக்கும்," னு முடிச்சாரு. நன்றி சொல்லும்னு பாத்துகினு நின்னாரு.

பொண்ணு அங்கயே மண்ணுல ஒக்காந்துச்சு. எறாத் தோல் மேலதான் ஒக்காந்துச்சு, நான் சொல்லல. கொஞ்ச நேரம் மொகத்த மூடிகினு குலுங்கிச்சு. அழுவுதுன்னு எங்க கொழுந்தன் பயந்துட்டாரு. நான் கைய வெலக்கிப் பாத்தா சிரிக்குது. வாழ்க்கையில அந்த ஒரு தடவைதான் சிரிப்பு நேரத்துக்கு வந்துச்சு.

அப்புறம் ஓடிப்போய் லேப்டாப்பக் கொண்டாந்துச்சு. மாத்தி நட்ட மொத நாள்லேர்ந்து எந்த நாளு எந்த எடம்னு சொல்லணும்னுச்சு. பாடு வரிசை கொழுந்தனுக்கு மனப்பாடம்தான். ஆனா சாவு விழுந்தா ஏரிக்குப் போக மாட்டோம், பாடு நின்னுடும். காத்து சரியில்லன்னா நிக்கும். எந்த நாளு நின்னுச்சுங்கிறதுலதான் வம்பு. கொழுந்தன் ஒண்ணு சொல்றாரு, எங்க வூட்டுக்காரரு ஒண்ணு சொல்றாரு. மீனு இல்லாத நாளு எதுன்னு இவங்களுக்கு இன்னா தெரியும். அன்னைக்கு நான்தான கருவாட்டுக் கொழம்பு வச்சேன். நான் ஒவ்வொரு கருவாடா சொன்னேன். போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு ஒருத்தர ஒருத்தர் மறிச்சுப் பேசினாங்க. யாரு நடுவுல பூந்தாலும் பொண்ணு கைய தூக்கும், மொதல்லேர்ந்து. இதுவரைக்கும் அது சொன்னா சிரிச்ச ஊரு, அன்னைக்கு பள்ளிக்கூடப் புள்ளைங்க மாதிரி மொதல்லேர்ந்து சொல்லுச்சு. எங்கனா சந்தேகம் வந்தா ஸ்க்ரீன்ல கோட்டப் பாக்கும். அன்னைக்கு உப்பு தூக்கலா இருந்தா மொகத்துவாரம், சண்டை தீர்ந்துது. சிக்னலு இல்ல அந்த நேரம். அதப் பத்தி அது கவலையே படல. நோட்டு மடியிலயே இருக்குது, ஊரு சொல்லச் சொல்ல எழுதிகினே போச்சு.

மறுநாள் மீட்டிங்கு நேரத்துக்கு டேங்கு மேல நின்னாலும் ஒரு புள்ளி சிக்னலு வரல. ஏரி உள்ள போனா காட்டுப்பள்ளி பக்கத்து டவரு எடுக்கும்னு எங்க வூட்டுக்காரரு சொன்னாரு. அப்படித்தான் அந்தப் படகு, அந்தக் குடை, அந்த வணக்கம். இப்ப வெளங்குச்சா.

சாரு மொகம் கடுகடுன்னு இருந்துச்சு. பொண்ணு ஒவ்வொரு கட்டமா ஓட்டிகினு வந்துச்சு. பாதி ஓடும்போது படகு திரும்பி, லைனு அறுந்துச்சு. சாரு மொகம் அப்படியே வாயத் தொறந்தபடி நின்னுபோச்சு. ஒழிஞ்சுது, இனிமே சோப்புதான்னு நெனச்சேன். எங்க வூட்டுக்காரரு தன்னாலதான்னு நெனச்சு அப்பதான் ஆடாம நின்னாரு. பொண்ணு பதறல. கொஞ்சம் வடக்க தள்ளுங்க தாத்தான்னுச்சு. தள்ளினாரு. லைனு வந்துச்சு, சாரு வாய மூடினாரு. எல்லாம் போச்சான்னு அவரு கேட்டிருக்கணும். எழுதுனது என்கிட்டதான் இருக்குது சார்னு இங்கிலீசுல சொல்லிட்டு, மொதக் கட்டத்துக்குப் போய் பொத்தானை அமுக்குச்சு.

ஒண்ணு ஒண்ணா எறங்கிச்சு. கடைசிக் கட்டத்துல படம் வந்துச்சு. தலைய விரிச்சு ஆடுனது ஒரு கோடு இல்ல, மூணு கோடு. மொகத்துவாரம் மேல, மேற்கால நடுவுல, மேட்டாண்ட கீழ. மூணு பேரு தனித்தனியா ஒழுங்கா நடந்து போற மாதிரி. எனக்கே பாத்ததும் தெரிஞ்சுது, பேயி எறங்கிடுச்சுன்னு.

சாரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சுப் போட்டுகினு படத்தப் பாத்தாரு. அப்புறம், ஒரே கொழாய மூணு எடத்துல மொறை வச்சு மாத்துற யோசனை யாருதுன்னு கேட்டாராம். இன்னா சொன்னேன்னு நான் கேட்டேன். "ஊர்து"ன்னு சொன்னேன்னுச்சு. சோப்பு வேலைய வேற யாருக்கோ குடுத்துட்டாங்க. பாவம், அந்தப் புள்ள எதுவோ.

அதுக்கப்புறமும் கொஞ்ச காலம் எங்க மாடியில இருந்துச்சு. எறா வர்றத சொல்லுச்சான்னா, சொல்லுச்சு. சில நாளு சரியா இருக்கும், சில நாளு எங்க வூட்டுக்காரரு மூக்கால பாத்து சொல்றது சரியா இருக்கும். ரெண்டும் தப்பான நாள்ல ரெண்டும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்காதுங்க. வேலை முடிஞ்சு கொழாயக் கழட்டிகினு போயிடுச்சு. இப்ப வேற ஏதோ ஏரி. கழிய மட்டும் விட்டுட்டுப் போச்சு.

போன கூட்டத்துல பாடு வரிசை படிச்சாங்க. பொண்ணு மொறை வந்துச்சு. ஊர்ல இல்லாதவங்க பேர எடுத்துடலாமான்னு ஒருத்தரு கேட்டாரு. வூட்டப் பூட்டிகினு வெளியூரு போனவன் பேர எடுத்தோமா, இது வேலையா போயிருக்குதுன்னு எங்க கொழுந்தன் கறாரா சொல்லிட்டாரு. இன்னும் சுத்தி வருது. அன்னைக்கு அந்தக் கழியில வலை கட்டுறது எங்க வூட்டுக்காரரு. ஓனரம்மா வூடு இல்லியா, எங்களுக்கு உரிமை உண்டு.

நேத்து போன் பண்ணுச்சு. சாப்டியா, இளைச்சுட்டியான்னு எதுவும் நான் கேக்கல. வேணும்னே நடுவுலேர்ந்து ஆரம்பிச்சேன்.

"உன் எறாவ வறுத்துத் தின்னுட்டோம்மா. கொஞ்சம் உப்பு தூக்கல்."

அந்தப் பக்கம் லேப்டாப்ப மூடி வைக்கிற சத்தம் கேட்டுச்சு.

"ஓனரம்மா," ன்னுச்சு. "மொதல்லேர்ந்து சொல்லுங்க."

காலை நீட்டி ஒக்காந்துகினு, அது ஏரியில கழி நட்டதுலேர்ந்து ஆரம்பிச்சேன்.